வெள்ளைத்துரையின் ரெக்கார்டு நோட்டு

சிலமலை வெள்ளைத்துரைக்கு எப்போதுமே பேசப் பிடிக்கும். மதுரைக்குச் சட்டம் படிக்கப் போன பிறகு அது இன்னும் முற்றிவிட்டது. பஸ்சில் கண்டக்டர் சில்லறை இல்லை என்றால் போதும். "இந்த டிக்கெட்டே ஒரு ஒப்பந்தம், தெரியும்ல?" என்று ஆரம்பித்து விடுவான். அவன் மனைவி மூக்கம்மாள், "இன்னைக்குக் குழம்புல உப்பு கூடிப்போச்சு மச்சான்" என்று தானாகவே ஒத்துக்கொண்டாலும், உப்பு கூடியதை மூன்று காரணம் சொல்லி நிரூபித்த பிறகுதான் சோற்றில் கை வைப்பான்.

பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த வேலையை விட்டுவிட்டு, முப்பது வயதில் படிக்கப் போனவன் அவன். போன வருடம் ஒரு பாடத்தில் தவறியது. மாமனார் காசிமாயனுக்குக் குரங்கணிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"மாப்ளே, இந்த வருசமும் போச்சுன்னா கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு மலைக்கு வந்துருங்க. ஆளுகளை மேய்க்க எனக்கும் ஒருத்தரு வேணும்."

மலை என்றாலே அவனுக்கு உடம்பு கூசும். தோட்டத்தில் பேச்சுக் கேட்க ஆள் கிடையாது என்பது அதைவிடப் பெரிய பயம்.

அந்த எண்பத்திரண்டாம் வருடம் அவனுடைய ஆசிரியர் புதிதாக ஒரு வேலை கொடுத்தார். ஒப்பந்தச் சட்டத்தைப் புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது. அவரவர் ஊரில் நடக்கும் ஒரு வியாபாரப் பேச்சுவார்த்தையை நேரில் பார்த்து, இரு தரப்பும் பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதி வர வேண்டும். தகராறு வந்தால் அது எப்படித் தீர்ந்தது என்றும் எழுத வேண்டும். கீழே இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் அந்த ரெக்கார்டு நோட்டு வராவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

கூடப் படித்தவர்கள் பலர் உட்கார்ந்த இடத்திலேயே கதை கட்டி எழுதினார்கள். வெள்ளைத்துரை அப்படிச் செய்யவில்லை. நேர்மை ஒரு காரணம். மாமனார் சனிக்கிழமை போடியில் காய் விற்க வருகிறார் என்பது இன்னொரு காரணம். போடிப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அங்கே ஏலக்காய் எப்படி விலை பேசப்படும் என்பது நினைவுக்கு வராமல் போனதுதான் வேடிக்கை.

சனிக்கிழமை காலை வியாபாரி கண்ணுச்சாமியின் கடைக்கு நோட்டும் இரண்டு பேனாவுமாகப் போய் உட்கார்ந்தான். மூக்கம்மாளும் அப்பாவைப் பார்க்க வந்திருந்தாள். கண்ணுச்சாமி சாக்கிலிருந்து ஒரு கை காயை அள்ளி, முகர்ந்து, ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். வெள்ளைத்துரை பேனாவைத் திறந்தான்.

காசிமாயன் தோள் துண்டை எடுத்துத் தன் கைமேல் விரித்துக்கொண்டார். கண்ணுச்சாமியின் கை உள்ளே போனது.

துண்டு அசைந்தது. ஒரு பக்கம் புடைத்தது, அமுங்கியது. உள்ளே விற்கிறவரின் விரல்களை வாங்குகிறவர் பிடிப்பார். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ, நூறு ரூபாய்க்கு மேல் கிலோவுக்கு அத்தனை பத்து. வெளியே கேட்டது இவ்வளவுதான்.

"மேல மழையா?"

"தூத்தல்தான்."

"ம்."

"ம்ஹூம்."

"டீ சொல்லவா?"

"சொல்லுங்கண்ணே."

கை வெளியே வந்தது. பேரம் முடிந்தது. வெள்ளைத்துரையின் நோட்டில் ஆறு வரி இருந்தன, அதில் இரண்டு டீயைப் பற்றியவை.

"என்ன மாமா பேசுனீங்க?"

"பேசியாச்சே மாப்ளே. பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"

மூக்கம்மாள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

தராசில் ஏற்றும்போதுதான் தகராறு வந்தது. காசிமாயன் நூற்று நாற்பது என்றார். கண்ணுச்சாமி நூற்று முப்பது என்றார்.

"நாலு வெரலைப் பிடிச்சீகளாண்ணே இல்லியா?"

"எங்கப்பன் சத்தியமா மூணு. ஆள்காட்டி, நடு வெரலு, அப்புறம் அந்தத் தடிச்ச வெரலு."

"தடிச்ச வெரலா?"

காசிமாயன் துண்டை விலக்கிக் கையைக் காட்டினார். இரண்டு நாளைக்கு முன்னால் ஜீப்புக் கதவில் நசுங்கிய மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து ஒரே கட்டாகப் போட்டிருந்தார். போடி முழுக்க விசாரிக்குமே என்று கூச்சப்பட்டு, வந்ததிலிருந்து அந்தக் கையை வேட்டி மடிப்புக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தார். அவர் கணக்கில் அந்தக் கட்டு இரண்டு விரல். இருட்டில் தடவிய கண்ணுச்சாமிக்கு அது ஒரு விரல்.

வெள்ளைத்துரை எழுந்து நின்றான். இப்படி ஒரு நேரத்துக்காகத்தானே மூன்று வருடமாகக் காத்திருந்தான்! தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ரெண்டு தரப்புக்குமே முக்கியமான உண்மையில பிழை நேர்ந்துருக்கு. சட்டப்படி இந்த ஒப்பந்தம் செல்லாது."

அதுவரை ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த இருவரும் சேர்ந்தே அவன் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன செல்லாது?" என்றார் கண்ணுச்சாமி. "துண்டுக்குள்ள வச்ச கை செல்லாதா?"

"அப்படிச் சொல்லலை. சட்டத்துல..."

"காசிமாயா, ஒன் மருமகன் நம்ம ரெண்டு பேரையும் பொய்யனாக்குறாரு, பாத்துக்க."

"விடுங்கண்ணே. படிச்ச புள்ள, அப்படித்தான் இருக்கும். நீங்க வாங்க, கட்டை அவுக்குறேன்."

வலியோடு கட்டை அவிழ்த்தார். மறுபடியும் துண்டு விரிந்தது. இந்தத் தடவை "ம்" கூடக் கேட்கவில்லை. இருவரும் சிரித்துக்கொண்டே கையை எடுத்தார்கள். என்ன விலைக்குத் தீர்ந்தது என்று வெள்ளைத்துரை கேட்டதற்கு, "ஒமக்கெதுக்கு?" என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே பதில் வந்தது.

அவன் நடந்ததை நடந்தபடி எழுதினான். தன்னைத் திட்டியதையும் விடவில்லை. பிறகு நோட்டை நீட்டினான்.

"மாமா, இங்க ஒரு கையெழுத்து."

காசிமாயன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "துண்டுக்குள்ள நடந்ததைக் காயிதத்துல ஏத்துனா நாளைக்கு எவன் எங்கூடக் கை போடுவான்?"

வெள்ளைத்துரை பேசினான். விலை எங்கேயும் எழுதவில்லை என்றான், பரீட்சை என்றான், எதிர்காலம் என்றான். பேசப் பேச மாமனாரின் முகம் இறுகியது. கண்ணுச்சாமி கல்லாப் பக்கம் போய்விட்டார். இந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் திங்கட்கிழமையோடு எல்லாம் முடிந்தது. அது நினைவுக்கு வந்ததும் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

மூக்கம்மாள்தான் குறுக்கே வந்தாள்.

"மச்சான், செத்த சும்மா இருங்க. அப்பா, ஒங்களுக்கு மலைக்கு ஆளு வேணும். இவருக்குக் கையெழுத்து வேணும். பாஸானாலும் சரி, பெயிலானாலும் சரி, இவரு வருசத்துக்கு எத்தனை மாசம் தோட்டத்துக்கு வரணும்? துண்டைப் போட்டுப் பேசிக்கங்க. ஆனா ஒண்ணு, யாரும் வாயைத் தெறக்கக் கூடாது."

காசிமாயன் மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு துண்டை விரித்தார்.

வெள்ளைத்துரை கையை உள்ளே விட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. மாமனாரின் முரட்டுக் கை வந்து, அவன் விரல்கள் ஐந்தையும் மொத்தமாக வளைத்துப் பிடித்தது. ஐந்து மாதமா! ஒப்பந்தச் சட்டம் முழுவதும் நாக்கு நுனிக்கு வந்தது. எதிரே மூக்கம்மாள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் விழுங்கினான். கையை உருவி ஒரு விரலை மட்டும் நீட்டினான். பெரியவர் அதைத் தொடவே இல்லை. மடங்கிக் கிடந்த மற்ற விரல்களை ஒவ்வொன்றாக நெம்பினார். நான்கு. அவன் மடக்கிக்கொண்டான். மூன்று. மறுபடியும் மடக்கினான். நெற்றியில் வியர்த்தது. பேசாமல் இருப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டுமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசியில் தானாகவே இரண்டாவது விரலை நீட்டினான். நீட்டிவிட்டுச் சும்மா இருந்தான். வெளியே தராசு ஏறி இறங்கியது, டீ கிளாஸ் திரும்பிப் போனது. மாமனாரின் கை அந்த இரண்டு விரல்களைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தியது.

"பேனாவைக் கொண்டாங்க" என்றார் காசிமாயன். அவர் போட்டதைப் பார்த்துக் கண்ணுச்சாமியும் வந்து கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை ஆசிரியர் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். ஒரு பக்கத்தின் நடுவில், மாமனாரும் அவனும் துண்டுக்குள் கை விட்ட இடத்தில், பாதி வெற்றிடமாக இருந்தது.

"இங்கே என்ன பேசினீர்கள்?"

"ஒண்ணும் பேசலை சார்."

ஆசிரியர் வகுப்பில் அவன் பேசுகிற பேச்சை அறிந்தவர். அவன் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பரீட்சை முடிவு வந்தபோது வெள்ளைத்துரை மலையில் முதல் மாதத்தில் இருந்தான். தோட்டத்து ஜீப்பை ஓட்டும் அமாவாசை, பாதை வளைவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்.

"வக்கீலய்யா, பாஸு! ஒங்க வீட்டுல சொல்லிவிட்டாக!"

காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அவன் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, நன்றி சொல்வதற்காகத் தொண்டையைச் செருமினான்.

"அதெல்லாம் சாயங்காலம் பேசலாம்ணே" என்றாள் அவர்களில் ஒருத்தியான கருத்தம்மா. "நெறஞ்ச கூடை கெடக்கு, வெரசா தூக்குங்க."