மெதுவான பந்துக்கு முன்

காலையில் அவளுக்குப் பத்துப் பந்துகள் கிடைத்தன. ஏழு வேகமானவை, மூன்று மெதுவானவை. மெதுவான மூன்றையும் அடித்தாள். வேகமான ஏழில் ஒன்றையேனும் தொடவில்லை. ஏழு தடவையும் பந்து பின்னால் நின்றவளின் கையுறைக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் மட்டை வந்தது. பத்திரிகை நிருபராக இருந்த காலத்துப் பழக்கத்தில் ஒவ்வொன்றையும் கொப்பியில் குறித்திருந்தேன். மூன்று முறை வாசித்தும் என் கையெழுத்தையே நம்ப முடியவில்லை.

திருகோணமலை நகரில், துறைமுகக் காற்று தடையில்லாமல் வந்து அடிக்கும் மைதானம் அது. மாகாண சொஃப்ட்போல் அணிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கிண்ணியாவில் நான் பயிற்சி கொடுக்கும் பெண்களில் ஒருத்தி. வயதெல்லைப்படி அவளுக்கு இதுதான் கடைசி வருடம். இன்று பெயர் வந்தால் தொடரலாம், வராவிட்டால் விளையாட்டு இத்தோடு போதும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் இன்னும் பத்துப் பந்துகள் இருந்தன.

எங்கள் பிள்ளைகள் எல்லோரும் எல்லே என்ற நாட்டு விளையாட்டிலிருந்து வந்தவர்கள். மூங்கில் தடியை வீசிப் பழகியவர்கள் கையை மட்டுமே நம்புவார்கள். அதை மாற்ற எனக்கு ஆறு மாதம் பிடித்தது. முன்கால் மெல்ல நிலத்தைத் தொட வேண்டும், பிறகு இடுப்பு திரும்ப வேண்டும், கை கடைசியில்தான் வர வேண்டும். பந்து வீசுபவளின் கை சுழன்று உச்சிக்குப் போகும்போது காலை எடு. பந்து மெதுவாக வந்தால் கால் போகட்டும், கையைப் பின்னாலேயே வைத்திரு. இதையே சொல்லிச் சொல்லி, வேகமும் மெதுவும் கலந்து நாளுக்கு நூறு பந்து நானே வீசினேன். அவள் இரண்டையும் அடித்தாள். காலையில் வீசிய நகரத்துப் பெண்ணின் வேகம் என் வேகத்தைவிட அதிகமில்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

நாங்கள் வந்த வேனின் நிழலில் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்து வைத்துக்கொண்டு அவளும் தோழியும் இருந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டேன்.

“அந்தப் பந்து போடுற பிள்ள எல்லாப் பந்துக்கும் குனிஞ்சு பாக்குது டீச்சர். எல்லாம் மெதுவாத்தான் வருமெண்டு நினைச்சிட்டன்.”

குனிவதற்கும் பந்தின் வேகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். அவள் தோழியைப் பார்த்தாள். தோழி சோற்றைப் பார்த்தாள்.

“நீங்க மெதுவாப் போடக்குள்ள மட்டும்தான் கையுறைக்குள்ள குனிஞ்சு பாப்பீங்க. வேகமாப் போடக்குள்ள பாக்க மாட்டீங்க,” என்று கடைசியில் அவளே சொன்னாள்.

மெதுவான பந்தை உள்ளங்கையில் ஆழமாக வைத்துப் பிடிக்க வேண்டும். பிடி சரிதானா என்று பார்க்க நான் குனிந்திருக்கிறேன். ஒன்றரை வருடமாக, ஒவ்வொரு மெதுவான பந்துக்கும் முன். எனக்கு அது தெரியாது. எந்தக் கேள்விக்கு யார் கண்ணைத் தாழ்த்தினார் என்று குறித்து வைத்து, அதில் சம்பளம் வாங்கியவள் நான். 

இது வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் தெரியும் டீச்சர்,” என்றாள் தோழி. “புதுசா வாற பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிக் குடுத்திருவம்.”

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று தோழியை விட்டு அவளிடம் திரும்பிக் கேட்டதும் அவள் உண்மையாகவே திகைத்தாள். “அது பிழையா டீச்சர்? எல்லேயில போடுற ஆளப் பாத்துத்தானே அடிக்கிறது.”

அவள் சொன்னது சரி. எல்லேயில் அடிப்பவளுக்குப் பந்து போடுபவள் அவளுடைய அணிக்காரியேதான். அவளைப் படித்து வைத்துக்கொள்வது அங்கே முதல் பாடம். அதில் களவு ஒன்றும் இல்லை. என்னையும் தங்கள் ஆள் என்று நினைத்துப் படித்திருக்கிறார்கள். நான் கால், இடுப்பு, கை என்று திருத்திக்கொண்டே போனேன். கண் எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அடுத்த பத்துப் பந்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது. நான் வீசிப் பயனில்லை. பிள்ளைகள் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் வேன் சாரதி ஆசனத்தைச் சாய்த்துப் படுத்திருந்தார். எழுப்பிப் பந்தைக் கையில் கொடுத்தேன்.

“எங்க போகுமெண்டு எனக்கே தெரியாதே டீச்சர்.”

அதுதான் வேண்டும் என்றேன். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்து, நினைத்தபடி வீசச் சொன்னேன். அவள் மட்டையைத் தூக்காமல் நிற்க வேண்டும். பந்து கையை விட்டதும் ‘வேகம்’ அல்லது ‘மெது’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் பந்து அவள் தலைக்கு மேலால் போனது.

“நானா, எனக்குப் போடுங்க. கடலுக்குப் போடாதீங்க.”

“கிட்ட வாற பந்த ஆரும் அடிப்பாங்க மகள்,” என்றார் அவர்.

முதல் எட்டும் பிழை. அவள் கண் பந்தை விட்டுவிட்டு அவர் முகத்துக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த முகத்தில் படிக்க ஒன்றும் இல்லை என்று ஒருவாறு விளங்கிய பிறகு அவள் குரல் மாறியது. கடைசியில் பந்து பாதி வழி வருமுன் சொன்னாள், பெரும்பாலும் சரியாக.

பின்னேரம் அதே நகரத்துப் பெண்தான் வீசினாள். ஒவ்வொரு பந்துக்கும் குனிந்தாள். முதல் மூன்றையும் இவள் தவறவிட்டாள். நான்காவது மட்டையின் விளிம்பில் பட்டுக் கோட்டுக்கு வெளியே போனது. ஐந்தாவதை அடித்தாள். வீசுபவள் குனியும் போதெல்லாம் ‘மெது’ என்றுதான் எனக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் தோன்றியது. பத்தாவதுக்கும் குனிந்தாள். வந்தது வேகம். முன்கால் தொட்டது, இடுப்பு திரும்பியது, பந்து தடுப்பாளர்களுக்கு மேலால் போய் விழுந்தது. அவள் உதடு அசைந்ததைக் கண்டேன். ‘வேகம்’ என்றிருக்க வேண்டும்.

பதினாறு பெயர்கள் வாசித்தார்கள். அவளுடையது பதினைந்தாவது, மேலதிக வீராங்கனையாக. அவளுக்கு அது போதுமாக இருந்தது. வாப்பாவுக்குப் போன் எடுத்து, மேலதிகம் என்ற சொல்லை விட்டுவிட்டுச் சொன்னாள்.

திரும்பும்போது கிண்ணியாப் பாலத்தில் வேன் ஏறியதும் பின்னால் திரும்பி, என்னைப் பற்றி இன்னும் என்ன தெரியும் என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். கண்ணாடியில் சாரதி சிரிப்பதைக் கண்டேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

“கோவிக்கக் கூடாது டீச்சர்,” என்று அவள் தொடங்கினாள்.

கொப்பியைத் திறந்தேன்.