ஜெஸிக்குப் புரியாத சாம்பியன்ஷிப்

தாராவியில் பை தைக்கிற பட்டறையில் ஜிப் வைக்கும் வேலை பார்க்கிற ஜெஸிக்கு எதையும் இரண்டாவது முறை சொல்ல வேண்டியதில்லை. எந்த வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்பப் போகிறான், பக்கத்து வீட்டில் எதற்குச் சண்டை, கண்டும் காணாமல் போகிறவர் இன்று எதற்காகக் கும்பிடு போடுகிறார், எல்லாம் கேட்காமலே கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குக் கட்டின புருஷனை மட்டும் கொஞ்ச காலமாகப் புரியவில்லை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தாள்.

மிக்கேல்ராஜ் டெம்போ ஓட்டியவர். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றிக்கொண்டு மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் சான்பாடாவுக்கும் போய்வருவார். பீரோக் கண்ணாடியில் ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய் இறக்குவார் என்று பெயர். ஒரு நாள் மத்தியானம் சுனாபட்டி சிக்னலில் சிவப்பு விழுந்து டெம்போ நின்றுகொண்டிருந்தபோது, ஸ்கூட்டரில் வந்த ஒரு பையன் நேராகப் பின்னால் வந்து மோதினான். உயிர் பிழைத்தான், ஒரு பாதம் போய்விட்டது. நின்ற வண்டியில் வந்து இடித்தான் என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். பையனின் அப்பாவே மிக்கேல்ராஜின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் உலகமே சொன்னாலும் மிக்கேல்ராஜுக்கு ஏறவில்லை. வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டியவர்தான், அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை.

"நான் அங்கன நிக்காம இருந்திருந்தா, ஜெஸி?"

"சிக்னல்ல நிக்காம பெறகு எங்கன போயி நிப்பீங்க?"

அவருடைய கூட்டாளி பிரம்மநாயகம் டெம்போவை எடுத்து ஓட்டினான். மிக்கேல்ராஜ் ஆண்டாப் ஹில்லில் ஒரு குடோனில் வேலைக்குச் சேர்ந்துகொண்டார். நடந்தே போவார், நடந்தே வருவார். மழைக்காலத்தில்கூட பஸ் ஏறமாட்டார். முழங்கால் வரை நனைந்து வந்து நிற்கிறவரைப் பார்த்தால் ஜெஸிக்குத் திட்டவும் மனது வராது, சும்மா இருக்கவும் முடியாது.

சான்பாடாவில் ஒரு குடும்பம் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, சாமான் ஏற்றப்போன பிரம்மநாயகத்துக்கு அந்த வீட்டுக்காரர் ஒரு வீடியோ கேம் பெட்டியைச் சும்மா கொடுத்துவிட்டார். அவன் அதைக் கொண்டுவந்து மிக்கேல்ராஜின் டிவியில் மாட்டிவிட்டான். "சும்மாதான உக்காந்திருக்க, ஆடு" என்றான். உள்ளே இருந்தது ஒரே ஒரு ஆட்டம். கார் ரேஸ். ஆஸ்திரேலியாவில் தொடங்கி நாடு நாடாகப் போய் ரேஸ் ஓட்டி, வருஷக் கடைசியில் முடிகிற பெரிய சாம்பியன்ஷிப்.

இங்கேதான் ஜெஸியின் குழப்பம் ஆரம்பித்தது. பஸ்ஸில் உட்காரப் பயப்படுகிற மனுஷன், டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் கண்ணுக்கு அசுர வேகத்தில் கார் ஓட்டினார். ஓட்டுவதற்கு முன்னால் டெம்போவில் செய்கிறது மாதிரியே சிலுவை போட்டுக்கொண்டார். டெம்போக் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றிக்கொண்டுவந்து டிவி மூலையில் மாட்டினார். ஒவ்வொரு ரேஸும் ஒரு படம் பார்க்கிற நேரம் ஓடியது. பாதி வழியில் காலிங் பெல் அடித்தாலும் எழுந்திருக்கமாட்டார். இது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அப்போதுதான் பிரம்மநாயகம் வந்து வேறொரு விஷயத்தைப் போட்டு உடைத்தான். செம்பூரில் ஒரு கம்பெனியில் அவனுக்கு டிரைவர் வேலை கிடைத்திருக்கிறதாம், ஈஸ்டர் முடிந்ததும் போய்ச் சேர வேண்டுமாம். "அண்ணன் வண்டிய எடுத்தா சரி. இல்லன்னா வித்துருவோம் மைனி. நின்னு துருப்பிடிச்சா யாருக்கு லாபம்?" என்றான்.

விற்றுவிட்டால் மிக்கேல்ராஜ் இனி ஜென்மத்துக்கும் ஸ்டீயரிங் பிடிக்கப்போவதில்லை, காலமெல்லாம் இப்படியே தலையைக் குனிந்துகொண்டு ரோட்டோரமாக நடப்பார் என்று ஜெஸிக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வண்டியை எடுப்பாரா மாட்டாரா என்று அன்றைக்கே அவரிடம் கேட்டாள்.

மிக்கேல்ராஜ் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இந்த சாம்பியன்ஷிப் முடியட்டும். முடிச்சிட்டா வண்டிய எடுக்கேன்" என்றார்.

இது என்ன கணக்கு? சாம்பியன்ஷிப்புக்கும் டெம்போவுக்கும் என்ன சம்பந்தம்? ஜெஸிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்தது. அன்றிலிருந்து அவளும் வேலை முடிந்து வந்து, வெங்காயத்தை உரித்துக்கொண்டே ரேஸ் பார்க்க ஆரம்பித்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அவருடைய பச்சைக் காருக்கு முன்னால் ஒரு காரைக்கூடக் காணோம், ரோடு காலியாகக் கிடந்தது. மற்ற கார்களெல்லாம் பின்னால்தான் வந்தன; ஒன்றிரண்டு தாண்டிப் போனாலும் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பின்னாலிருந்தே வந்தன. திரையின் மூலையில் 20/20 என்று வேறு போட்டிருந்தது. இருபதுக்கு இருபது! எட்டாவது வரை படித்தவளுக்கு அது தெரியாதா?

சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள். குழாயடியில், ரேஷன் வரிசையில், பட்டறையில், தன் வீட்டுக்காரர் உலக சாம்பியன்ஷிப்பில் முதலாவதாக ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். ஒரே ஒரு சந்தேகம்தான் அவளை அரித்தது. ஆஸ்திரேலியா முடிந்து, வேறு நாடுகளும் முடிந்து, திடீரென்று மறுபடியும் ஆஸ்திரேலியா வந்தது. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு தடவையும் வந்தது. பெரிய நாடு, இரண்டு மூன்று தடவை போவார்கள்போல என்று நினைத்துக்கொண்டாள்.

ஈஸ்டர் நெருங்கியது. ஒரு புதன்கிழமை மாஹிம் மாதா கோயிலுக்கு நொவேனா ஜெபத்துக்குப் போனாள். வாசல் கடைகளில் மெழுகில் வீடு, குழந்தை, கை, கால் எல்லாம் அடுக்கியிருந்தார்கள். வீடு வேண்டுகிறவர்கள் மெழுகு வீட்டையும், கால் குணமாக வேண்டுகிறவர்கள் மெழுகுக் காலையும் வாங்கி மாதாவுக்கு வைப்பார்கள். ஜெஸி ஒரு மெழுகுக் காரை எடுத்தாள்.

"நயீ காடி?" என்று கடைக்காரி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

புதுக் கார் இல்லை, டிவிக்குள் ஓடுகிற கார், அது ஜெயித்தால் வெளியில் நிற்கிற டெம்போ ஓடும், இதை எந்தப் பாஷையில் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். "மாதாவே, அவரு ஃபர்ஸ்டு வரணும்" என்று வேண்டினாள். மாதாவுக்கே கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

குட்டு ஒரு சனிக்கிழமை உடைந்தது. பட்டறையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற நுஸ்ரத், சாம்பியனைப் பார்க்க வேண்டும் என்று கூடவே வந்தாள். நுஸ்ரத்தின் தம்பி இதே ஆட்டத்தை ஆடுகிறவன். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தவள் ஜெஸியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அரே ஜெஸி, உன் வீட்டுக்காரரு ஃபர்ஸ்டு இல்ல. லாஸ்டு."

"பின்னால அத்தன காரு வருதே?"

"அதெல்லாம் இவர விட ஒரு ரவுண்டு கூடுதலா ஓடிட்டு வர்ற காரு. இவரு ஒதுங்கி வழி விடுறாரு. இருபது பேர்ல இருபதாவது, அதான் அந்த நம்பர். மெதுவா ஓட்டுறாரா, பயந்து ஓட்டுறாரா, ஏக்தம் புரியல."

ஜெஸிக்கு முகம் சுட்டது. சந்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்! நுஸ்ரத் போனதும் கதவைச் சாத்திவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"கடைசியாவா ஓட்டுதீங்க? ஒரு நாளாவது சொன்னீங்களா?"

"நீ கேக்கலியே" என்றார் மிக்கேல்ராஜ், பாவமாக.

பிறகு மெல்லச் சொன்னார். ஜெயிக்கிறது அவருக்கு முக்கியமே இல்லையாம். ஆஸ்திரேலியாவில் ஆரம்பித்துக் கடைசி ரேஸ் வரை ஒரு காரும் தன் காரில் படக்கூடாது. ஒரு உரசல் பட்டாலும் திரும்ப ஆஸ்திரேலியாவிலிருந்து ஆரம்பம். ஆட்டத்தில் அப்படி ஒரு சட்டம் கிடையாது, அவரே போட்டுக்கொண்டது. இப்படி எத்தனையோ தடவை பாதிக்கு மேலே போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். இந்தத் தடவைதான் கடைசி ரேஸ் வரைக்கும் வந்திருக்கிறார். அது நாளைக்கு.

ஜெஸிக்குக் கோபமாக வந்தது, அழுகையாக வந்தது, எது முதலில் வருகிறது என்றே தெரியவில்லை. ஒருவரும் இடிக்காமல் ரேஸ் ஓட்ட முடியுமா? மும்பையில் ரோட்டைத் தாண்ட முடியுமா அப்படி? இந்த மனுஷன் எந்த ஜென்மத்தில் முடித்து எப்போது வண்டி எடுப்பார்? போய் அரிசியைக் களைந்தாள். மாதாவிடம் தப்பாகக் கேட்டுவிட்டோமே என்கிற கவலை வேறு சேர்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மிக்கேல்ராஜ் உட்கார்ந்தார். ஜெஸியும் உட்கார்ந்தாள், இந்தத் தடவை வெங்காயம் இல்லாமல். சுற்றுக்குப் பின் சுற்றாகப் பச்சைக் கார் ஓரமாகவே போனது. பின்னால் கார் வந்தால் ஒதுங்கியது, வளைவில் வேகம் குறைத்தது. அவருடைய நெற்றியில் வியர்வை ஓடியது. முடிய இரண்டே சுற்று இருந்தபோது ஒரு சிவப்புக் கார் வந்தது. ஒதுங்கினார், அது போய்விட்டது. அதற்குப் பின்னால் வந்த வெள்ளைக் கார் ஒதுங்கி நின்ற பச்சைக் காரின் மேல் நேராக வந்து மோதியது. பச்சைக் கார் சுழன்று, எதிர்த்திசையைப் பார்த்து நின்றுவிட்டது.

மிக்கேல்ராஜ் கையிலிருந்த கேம் ரிமோட்டைத் தரையில் வைத்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுத்து ஏதோ பட்டனைத் தேடினார்.

"என்ன செய்யப் போறீங்க?"

"பட்டுட்டு ஜெஸி. மொதல்லேந்து ஆரம்பிக்கணும்."

அவளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு சத்தம் வந்ததோ. "ஓரமா ஒதுங்கி நிக்கீங்க, அவம் வந்து இடிக்கான்! அதுக்கும் நீங்கதான் காரணமா? இதுக்கு மேல எங்க ஒதுங்குவீங்க? டிவியவிட்டு வெளிய வந்து நிப்பீங்களா?"

டிவியில் மற்ற கார்கள் விர் விர்ரென்று தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. மிக்கேல்ராஜ் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"அன்னைக்கும் அப்படித்தானா?" என்று கேட்டார்.

ஜெஸி திகைத்துப்போனாள். இதை அவள் சொல்லாத நாள் உண்டா? போலீஸ்காரர் சொன்னார், பிரம்மநாயகம் சொன்னான், பாதம் இழந்த பையனின் அப்பா சொன்னார். எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அவராக இதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை.

"அன்னைக்கும் அப்படித்தாங்க" என்றாள்.

அவர் ரிமோட்டைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, காரைப் பின்னால் எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் உடைந்த பச்சைக் கார் ஆடி ஆடிப் போனது. மிச்சச் சுற்றை அது ஓடி முடித்தபோது ரோட்டில் ஒரு காரும் இல்லை. திரையில் வேறு யாரோ கோப்பையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள்.

"முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு."

அவர் முகத்தைப் பார்த்தாள். சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. டீ கேட்டார். குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டெம்போவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உரசல் பட்ட சாம்பியன்ஷிப் கணக்கில் சேருமா சேராதா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

காலையில் அவள் எழுந்தபோது வீட்டில் அவர் இல்லை, ஆணியில் சாவியும் இல்லை. பிரம்மநாயகம் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான், இவர் குடோனுக்கு நடந்துவிட்டார் என்று நினைத்தாள். பட்டறைக்குக் கிளம்பிச் சந்து முனைக்கு வந்தாள். அங்கே டெம்போ உறுமிக்கொண்டிருந்தது. பிரம்மநாயகம் ரோட்டில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிக்கேல்ராஜ் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"ஏறு."

"பட்டறை பக்கந்தான, நான் நடந்தே…"

"ஏறுட்டி."

ஏறினாள். வண்டி நகர்ந்தது. ஆட்டோ தாண்டியது, கைவண்டி தாண்டியது, பால்காரனின் சைக்கிள் தாண்டியது. பின்னாலிருந்து ஒரே ஹாரன், கூடவே இந்தியில் வண்டை வண்டையாகத் திட்டு. ஜெஸி திரும்பிப் பார்க்கவில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. மிக்கேல்ராஜின் கண் பக்கக் கண்ணாடியிலேயே இருந்தது, அவள் கண்ணும் அங்கேயேதான். ஒரு ஸ்கூட்டர் வந்தது, நெருங்கியது, பின்னால் நின்றது. அவ்வளவுதான். பச்சை விழுந்ததும் அவர் மூச்சுவிட்டு கியரைப் போட்டார்.

பட்டறை வாசலில் இறங்கினாள்.

"சாயங்காலம் வாரேன். நடந்து வந்துராத" என்று சொல்லிவிட்டு அவர் போனார். வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். ஒரு பையை எடுத்து ஜிப்பைக் கோக்கப் பார்த்தாள். கோணலாகப் போனது, பிரித்துவிட்டு மறுபடியும் கோத்தாள்.

"க்யா ஹுவா? சாம்பியன்ஷிப் முடிஞ்சுதா?" என்று கேட்டாள் நுஸ்ரத். "எத்தனாவது?"

"இருபதாவது" என்றாள் ஜெஸி. பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். சொல்லும்போதே கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது, அவள் அதைத் துடைக்கவில்லை.