நான்கு பெயர் இருந்த தாள்

பிச்சாட்டூர் அணைக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து வந்த அந்தத் தாளில் நான்கே பெயர்கள் இருந்தன. கடைசிப் பெயர், எங்கள் கண் மருத்துவ வண்டியை ஓட்டியவரின் தாயாருடையது. அந்தத் தாளை ஓரமாக எடுத்து வைத்தவன் நான்.

திருப்பதியில் தத்துவம் கற்பித்து ஓய்வுபெற்ற பின், அந்த இலவச வண்டி எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று முடிவுசெய்யும் வேலையை ஏற்றிருந்தேன். வண்டி ஒன்று, டாக்டர் ஒருவர். அதனால் இருபது பேராவது பெயர் கொடுத்த ஊருக்கே வண்டி போகும் என்று விதி வைத்தேன். ஒரு நாள் உழைப்பில் எத்தனை அதிகம் பேருக்கு நன்மை செய்ய முடியுமோ அத்தனை பேருக்குச் செய்ய வேண்டும், அதில் நம்மவர், அயலார் என்று பார்க்கக் கூடாது என்று வகுப்பில் பல ஆண்டுகள் சொன்னவன் நான். இன்றும் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

டிரைவர் ஒரு முறைதான் கேட்டார். "இடுப்பு ஒடஞ்சதிலேருந்து அம்மாவால பஸ் ஏற முடியல சார். கண்ணு மங்கிக்கினே போவுது. ஒரு நடை போயிட்டு வந்துடலாமா?"

"நாலு பேருக்காகப் போனா, வேற ஊர்ல நாப்பது பேர் காத்துக்கிட்டிருப்பாங்களேப்பா."

"அப்ப செத்தவங்க பேரையும் சேத்து இருபதாக்கிடவா சார்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த மாதம் நாகலாபுரத்திலிருந்து என் அக்கா போன் செய்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றாள். கண்புரைதான், சில மாதம் பொறுக்கும் என்று எனக்கே தெரியும். அன்று விஜயபுரத்தில் முப்பது பேர் காத்திருந்தார்கள். வண்டியை நாகலாபுரத்துக்குத் திருப்பச் சொன்னேன். அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றியவர் அதே டிரைவர். என் விதி அப்போது நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது.

சில மாதம் கழித்து அவர் வாடகைக் கார் பிடித்துத் தாயாரை அழைத்துவந்தபோது, கண்ணின் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, சில மாதம் முன்னால் வந்திருந்தால் சொட்டு மருந்திலேயே நிறுத்தியிருக்கலாம் என்றார் டாக்டர்.

இந்த ஆண்டு அவர் வீட்டுக்குப் போனேன். என் விதிக்காக மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் தடுத்தார்.

"விதி தப்பில்ல சார். அத்தினி பேருக்கு நல்லதுன்னா சரின்னு மனசத் தேத்திக்கினேன். அம்மாகிட்டயும் அதத்தான் சொன்னேன். நாகலாபுரம் போன கதைய மட்டும் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க."

உள்ளேயிருந்து தாயாரின் குரல் வந்தது. "யாரு நைனா வந்துக்கீறாங்க?"

"வண்டி சார்மா."

தாயார் சுவரைத் தடவிக்கொண்டு வந்து என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அத்தினி பேருக்கும் கண்ணு நல்லாச்சா சார்?"

"ஆச்சும்மா" என்றேன்.