தேரிக்காட்டில் வெள்ளம்

வாயில் ஜெபமும் மனதில் வசவுமாக நீங்கள் எப்போதாவது நடந்திருக்கிறீர்களா? நான் நடந்திருக்கிறேன். எழுபத்தெட்டு மே மாதம், கொளுத்துகிற வெயிலில், பாலைவனத்தில்.

ராஜஸ்தான் எல்லாம் இல்லை. திருவனந்தபுரத்தில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். திசையன்விளைப் பக்கம் தேரிக்காடு என்று ஒன்று இருக்கிறது. மேடு மேடாகச் சிவப்பு மணல், மணல், மணல். இங்குள்ள நம் தமிழ்ச் சபையில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம்தான் பூர்வீகம். ஆனால் மே மாதத்தில் ஒருத்தரும் அங்கே எட்டிப் பார்க்க மாட்டார்கள். புத்தி உள்ளவர்கள்.

என்னை இழுத்துக்கொண்டு போனவர் என் அத்தான், அக்காவின் கணவர். இங்கே திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். அக்கா கைக்குழந்தையோடு முன்னாலேயே அவருடைய ஊருக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கோயிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம். அத்தான் சனிக்கிழமைதான் கடையை அடைத்துவிட்டுக் கிளம்பினார். துணைக்கு நான். டிகிரி பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா இருப்பவனை வேறு எதற்குப் பயன்படுத்துவார்கள்?

அத்தானுக்கு என் தமிழ் என்றால் நல்ல பொழுதுபோக்கு. கல்யாணத்துக்கு மறுநாள் அவர் வீட்டு விருந்தில், தாகத்தில், "கொறச்சு வெள்ளம் தாங்க" என்று கேட்டுவிட்டேன். இங்கே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்குக் கொஞ்சம் என்றால் கொறச்சு, தண்ணீர் என்றால் வெள்ளம்தான். அங்கே வெள்ளம் என்றால் ஆற்றில் பெருகி வந்து ஆட்டையும் மாட்டையும் அடித்துக்கொண்டு போவது. பந்தலே சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் போய்விட்டது. "வெள்ளம் சாப்பிட்டானா?" "வெள்ளத்துக்கு ரிசல்ட் வந்துட்டா?" இதே ஜோக்கை எத்தனை நாள் கேட்பது? எரிச்சலில் ஜெபக் கூட்டத்தில்கூட அப்போதெல்லாம் நான் வாய் திறந்ததில்லை. திறந்தால் ஏதாவது மலையாளம் விழுந்து தொலைக்கும்.

அன்றைக்கு ஊருக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் படுத்துவிட்டது. அடுத்த வண்டி சாயந்திரம்தான் என்றார் கண்டக்டர். எல்லோரும் நிழலில் போய் உட்கார்ந்தார்கள். அத்தான் மட்டும் பெட்டியைத் தூக்கினார்.

"வா மாப்ள. ரோடு சுத்திப் போவுது. தேரிக்குள்ள குறுக்க விழுந்தா ஊரு வந்துரும்."

"வெயிலப் பாருங்க அத்தான். இங்க இருந்தா மதி." போதும் என்று சொல்ல வந்து, மலையாளம் விழுந்துவிட்டது.

"என்ன மதி? பௌர்ணமியா? நடல."

"வெள்ளமாவது எடுத்துட்டுப் போலாம்."

"வெள்ளத்துக்கு ஆத்துக்குல்லா போவணும்! நான் பொறந்த ஊருல. பேசாம வா."

இத்தனைக்கும் அம்மா அக்காவுக்காகக் கொடுத்துவிட்ட ஏத்த வாழைக்காய் வறுவல் பொட்டலத்தை அவர் பஸ்ஸிலேயே முடித்திருந்தார். எல்லாம் உப்பு.

நான் போட்டிருந்தது பெல்பாட்டம். அதற்குள் பாதித் தேரி ஏறிக்கொண்டது. செருப்பைத் தாண்டிச் சூடு காலைப் பொசுக்கியது. "இந்தா, அந்த மேட்டுல ஏறுனா கோபுரம் தெரியும்" என்றார். ஏறினோம். இன்னொரு மேடு தெரிந்தது. "அதுக்கு அங்குட்டு." அதற்கும் அங்குட்டு மேடுதான். திரும்பிப் போகலாம் என்று பார்த்தால் எங்கள் காலடியைக் காற்று மூடியிருந்தது. அப்போதுதான் ஜெபிக்க ஆரம்பித்தேன். ஒரு வரி கர்த்தருக்கு, ஒரு வரி அத்தானுக்கு. அத்தானுக்குச் சொன்ன வரிகளை இங்கே எழுத முடியாது.

பிறகு அத்தான் பேசுவதை நிறுத்திவிட்டார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்த மனிதர் தூக்கத்தில்கூடப் பேசுகிறவர். தொட்டுப் பார்த்தேன். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, ஆனால் ஒரு பொட்டு வியர்வை இல்லை. என்னை அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு உடைமரத்தடியில் மடங்கி விழுந்தார். அந்த மரத்துக்கு நிழல் என்று ஒன்றும் இல்லை. என் சட்டையைக் கழற்றி முள்ளில் மாட்டி அவர் முகத்துக்கு நிழல் பிடித்தேன்.

"ஏய்! யாராவது இருக்கீங்களா!" பதில் இல்லை. தொண்டை கிழியத் திரும்பவும் கத்தினேன். இல்லை. முழங்கால் போட்டேன். சபை மூப்பர்மார் ஜெபிக்கிற மாதிரி சுத்தமாகச் சொன்னேன்: "பரம தகப்பனே, இந்த வனாந்தரத்திலே உமது அடியாருக்குத் தண்ணீர் தந்தருளும்." காற்று மணலை வாரி என் வாயில் போட்டது.

நாளைக்கு அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலைப் பார்த்தபடி நிற்பாள். நான் மட்டும் தனியாகப் போய் என்ன சொல்வது?

கோபம் வந்தது. ஆம், கர்த்தர் மேலேயே கோபம் வந்தது. மரியாதை, மூப்பர் தமிழ் எல்லாம் போயிற்று. அடிவயிற்றிலிருந்து வந்ததைக் கத்தினேன்.

"என்டெ தெய்வமே! ஒரு துள்ளி வெள்ளம்! வெள்ளம்! வெள்ளம்!"

வானத்திலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், மேலேயிருந்துதான். நிமிர்ந்தேன். மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு பனையின் தலை மட்டும் தெரிந்தது. அதில் ஒரு ஆள்.

"எவம்ல அது, தேரியில வெள்ளம் வருதுங்கான்?"

இறங்கி, சிரித்துக்கொண்டே மேடேறி வந்தார் அந்தப் பனையேறி. அத்தானைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுகிற ஓலைக் குடிசை இருந்தது. திரும்பி நின்று கத்தினார். அவர் மனைவி குடத்தோடு ஓடி வந்தாள். தலையில், கழுத்தில், நெஞ்சில் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓலையால் விசிறினார்கள். அத்தான் முனகினார். பிறகு பனையோலைப் பட்டையில் பதனீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "நான் முதல்ல கூப்பிட்டது கேக்கலியா?"

"கேட்டுது தம்பி. ஆட்டுக்காரப் பயலுவ நாள் முழுக்க இப்படித்தான் கத்துவானுவ. ஒவ்வொண்ணுக்கும் எறங்குனா எம் பொழப்பு என்னாவுறது?"

"தண்ணின்னு கத்தியிருந்தா?"

"அதுவும் அவனுவ கத்துததுதான். மே மாசத்துல வெள்ளம்னு ஒருத்தன் கத்துதாம்னா, அந்தக் கிறுக்கன் மூஞ்சியப் பாக்காண்டாமா?"

அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவர் இறங்கியிருக்கிறார். நான் வெட்கப்பட்டு வெட்கப்பட்டு விழுங்கின சொல்.

அத்தான் கண்ணைத் திறந்தார். "எவம்ல வெள்ளம்னு கத்துனது?"

"நாந்தான்."

"மானத்த வாங்கிட்டியே மாப்ள. நான் இந்த ஊருல இனி எப்படித் தல காட்டுவேன்?"

உயிர் வந்ததும் முதல் வேலையாக இது! பட்டையைப் பிடுங்கிவிடலாம் போலிருந்தது. பிடுங்கவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பொழுது சாய்ந்ததும், பனையேறி பிடித்துத் தந்த மாட்டுவண்டியில் அத்தானைப் படுக்கவைத்து ஊருக்குக் கொண்டுபோனோம். மறுநாள் அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் குழந்தையை ஏந்தினார். ஏந்தினார், அது போதும்.

"அது வெறும் கோஇன்சிடன்ஸ்டே" என்கிறார்கள் என் காலேஜ் நண்பர்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. சுத்தத் தமிழில் கேட்டேன், யாரும் வரவில்லை. என் சொந்த வாயால் கேட்டேன், ஆள் வந்தது. அனுப்பினவர் யார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது ஜெபக் கூட்டத்தில் நான் சத்தமாக ஜெபிக்கிறேன், வெள்ளம், துள்ளி எல்லாம் சேர்த்து. போன வாரம் ஒரு மூப்பர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். உங்களுக்கும் சொல்கிறேன். அழகாகப் பேசத் தெரியவில்லை என்று வாயை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கேளுங்கள். அவர் உங்கள் தமிழைத் திருத்த உட்கார்ந்திருக்கவில்லை. நம்பிக் கேளுங்கள்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் யோசனை ஓட மாட்டேன் என்கிறது. அடுத்த அறையில் அத்தான் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.