தைசியாவின் முட்டைக்கோஸ் பாத்தி

பால்பண்ணையில் வேலை பார்த்த தைசியா, மகள் கல்யாணத்துக்காகக் காய்ச்சின ஆறு பாட்டில் சாராயத்தை முட்டைக்கோஸ் பாத்தியில் புதைத்து வைத்திருந்தாள். போலீஸுக்கு மறைப்பதைவிடப் புருஷனுக்கு மறைப்பதுதான் அந்த ஊரில் பெரும்பாடு.

அன்று கூட்டுப்பண்ணை மன்றத்தில் மத்தியான சினிமாக் காட்சி. படத்தில் புதையல் தேடிக் கிளம்பிய மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவராகக் குழிக்குள் விழுந்தார்கள். ஊரே வயிறு குலுங்கச் சிரித்தது. அவள் புருஷன் யெஃபீம் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எங்க தாத்தாவும் எதையாச்சும் புதைச்சிருப்பாருடி."

"கால்ல பூட்ஸ் இல்லாத மனுசன் எதப் புதைப்பாரு? இருந்தா குளியல் குடிசைக்குப் பின்னாலதான் இருக்கும். அங்க தோண்டு."

வீட்டுக்கு வந்ததும் தோண்டினான். நாலாவது வெட்டில் சாராயம் நிறைந்த ஒரு பழைய பாட்டில் வந்தது. தைசியாவின் செத்துப்போன மாமியார் அக்சீனியா, தன் புருஷனுக்கு மறைத்து வைத்தது.

"எங்கம்மா ஒண்ணோட நிறுத்தியிருக்க மாட்டா," என்று யெஃபீம் முட்டைக்கோஸ் பக்கம் திரும்பினான்.

தைசியா ஓடிப்போய்ப் பாத்தி நடுவில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எந்திரிடி."

"இடுப்பு புடிச்சிக்கிச்சு. முதல்ல கையில இருக்கறதக் குடி, அப்புறம் எந்திரிக்கிறேன்."

அவன் குடித்து முடித்து, வேலியில் சாய்ந்து குறட்டை விடும்வரை அவள் அசையவேயில்லை.