பிளாஸ்டிக் கட்டைக்குள் ஒட்டிக்கொண்ட துப்பாக்கி

மதுரையில் என் மனைவிக்கு இடது மார்பகத்தை எடுத்து, மருந்தெல்லாம் ஏற்றி முடித்து ராமநாதபுரம் திரும்பியதும், அவள் முதலில் கேட்ட பொருள் துப்பாக்கி. இப்படிச் சொன்னால் யாரும் எதையாவது நினைத்துக்கொள்வார்கள் என்பதால் விளக்கிவிடுகிறேன். அவள் கணக்கு டீச்சர். பல வருடங்களாக மாவட்ட ரைபிள் கிளப்பில் சுடுகிறாள். குப்புறப் படுத்துக்கொண்டு ஐம்பது மீட்டர் தள்ளித் தொங்கும் காகிதத்தில் ஓட்டை போடுவதுதான் விளையாட்டு. லைசென்ஸ் அவள் பேரில் இருக்கிறது. என் பேரில் கேஸ் கனெக்‌ஷன் இருக்கிறது.

தோளில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டை பொருத்திய அந்தத் துப்பாக்கியின் கனத்தை அவள் இடது கை தாங்கவில்லை. மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு தீபாவளிக்கு முன்னால் வருகிறது. "இந்தத் தடவை சுடலைன்னா, அப்புறம் நான் சுட மாட்டேங்க" என்றாள். மிரட்டவில்லை, அழவில்லை. சாம்பாரில் உப்பு குறைகிறது என்கிற குரலில் சொன்னாள். நானும் உப்பை எடுத்து வைக்கிறவனைப்போலச் சரி என்றேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்த நாளிலிருந்து எனக்குள் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை. கொடுத்த வேலைகளை மட்டும் செய்துகொண்டிருந்தேன்.

மரக்கட்டையைக் கழற்றிவிட்டு, எடை குறைந்த பிளாஸ்டிக் கட்டை ஒன்றை வரவழைத்தோம். கை தாங்கியது. ஆனால் பிளாஸ்டிக் வளைந்தது. கையையும் துப்பாக்கியையும் பிணைக்கும் கைவாரை இழுத்துப் பிடித்துப் படுத்ததும் கட்டையின் முன்பகுதி நெளிந்து, குண்டு போகும் குழாயைத் தொட்டது. ஆக்‌ஷன் என்று சொல்லப்படும் நடு இரும்பு, அதாவது குண்டு ஏறுகிற பகுதி, கட்டைக்குள் லேசாக ஆடியது. ஓட்டைகள் காகிதம் முழுக்க உறவு முறிந்த குடும்பம்போல ஆளுக்கொரு மூலையில் கிடந்தன.

இதற்கு வைத்தியம் உண்டு. முன்பகுதியின் பள்ளத்தில் அலுமினியக் கம்பி வைத்து எபாக்சிப் பசையால் நிரப்பினால் கட்டை விறைத்துக்கொள்ளும். ஆக்‌ஷன் உட்காரும் இடத்தைச் சுரண்டி, சின்னச் சின்னத் துளை போட்டு, பசை ஊற்றி, இரும்பை அதில் அழுத்த வேண்டும். இறுகியதும் இரும்பை வெளியே எடுத்தால், அதன் உடம்புக்கென்றே அளவெடுத்த படுக்கை கிடைக்கும். எடுக்க வர வேண்டுமென்றால் இரும்பின் மேல் முன்கூட்டியே மெழுகு பூச வேண்டும். பூசாவிட்டால் அதுவே நிரந்தரப் படுக்கை.

ஆயுத பூசைக்கு முதல் நாள் விசையைக் கழற்றி வைத்துவிட்டு, தரைக்குப் போடும் மெழுகை இரும்பின் மேல் இரண்டு பூச்சு பூசினேன். பின்னறையில் பேப்பர் விரித்து வைத்தேன். பூசையன்று பசை வாங்கப் பாம்பனுக்குப் போனேன். மீன்பிடிக்கும் ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டுப் போடும் பட்டறையில், கவிழ்த்து வைத்த போட்டுகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். போட்டு எத்தனை அடி என்று கேட்டார்கள். ஒரு கை நீளம் என்றேன். பட்டறைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணே, அதுல நீங்களா ஏறப் போறீக?" என்றார். பசையோடு ஒரு பொட்டலம் பொரியும் கொடுத்தார்.

மறுநாள் விஜயதசமி. எதையும் தொடங்க நல்ல நாள் என்று பசையைக் கலந்தேன். ஆக்‌ஷன் பளபளவென்று இருந்தது. மெழுகின் பளபளப்பு என்று மனதுக்குள் என்னைப் பாராட்டிக்கொண்டு, அழுத்தி, கட்டி வைத்தேன்.

அடுத்த நாள் கட்டை வரவில்லை. இழுத்தேன், தட்டினேன், காலில் மிதித்தும் பார்த்தேன். சத்தம் கேட்டு அவள் வந்து நின்றாள்.

"மெழுகு தடவுனீங்களா?"

"ரெண்டு பூச்சு. பூசைக்கு மொத நாளு."

குனிந்து இடுக்கைப் பார்த்தாள். "பூசைக்கு எல்லாத்தையும் மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சேனே. அருவாமணை, ஸ்க்ரூடிரைவரு, இதையும்தான்."

"இதையுமா?"

"எங்க அய்யா காட்டுப் பன்னி விரட்டுற துப்பாக்கிக்கே சந்தனம் வைக்காம விட்டதில்ல. பிசுபிசுன்னு இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சேன். பூசை முடிஞ்சதும் பொட்டையும் தொடச்சு அங்கனயே வச்சுட்டேன்."

ரேஷனில் நின்றுபோன மண்ணெண்ணெயை உத்தரகோசமங்கைப் பக்கத்துச் சொந்த ஊரிலிருந்து ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, வருடத்துக்கு ஒரு நாளுக்கென்று காப்பாற்றி வைத்திருப்பவள் அவள். முன்பென்றால் இதற்கு இரண்டு நாள் சண்டை போட்டிருப்போம். அன்று இருவரும் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆக்‌ஷன் வெளியே வராமல் விசையை மாட்ட முடியாது. விசை இல்லாமல் தேர்வு இல்லை. இதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

சூடு காட்டினால் பிளாஸ்டிக் உருகும். குளிர வைத்தால் இரும்பு சுருங்கும் என்றாள் அவள். ஃப்ரிட்ஜில் நீளம் போதவில்லை. மீன் மார்க்கெட்டில் தெர்மாகோல் பெட்டியும் உடைத்த ஐஸும் வாங்கினேன். வீட்டில், என்ன மீன் என்று கேட்ட என் அம்மாவிடம் பேர் தெரியாத மீன் என்று சொல்லிவிட்டேன். துப்பாக்கியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கல்லுப்புப் போட்ட ஐஸுக்குள் புதைத்தோம். சூடை மீன் வாடையில் அது மத்தியானம் முழுக்கக் கிடந்தது.

எடுத்ததும் அவள் குழாயைப் பிடித்துக்கொண்டாள், நான் ரப்பர் சுத்தியலை எடுத்தேன். "இங்கன இல்ல, கொஞ்சம் கீழ தட்டுங்க" என்றாள். தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் விரல்கள் வெளுத்திருப்பதைப் பிறகுதான் பார்த்தேன். மருந்துக்குப் பிறகு அவளுக்கு விரல் நுனியில் உணர்ச்சி குறைவு. அந்தக் குளிர் அவளுக்குத் தெரியவில்லை. விரல்களைப் பிரித்தெடுத்து என் வேட்டியில் சுற்றினேன். சுற்றும்போது நான் ஏதாவது உணர்ந்திருக்க வேண்டும். வேட்டி ஈரமானதைத்தான் உணர்ந்தேன்.

ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிடித்தாள். நாலைந்து தட்டில் படக்கென்று விட்டது. துணி எட்டாத மூலை முடுக்குகளில் மெழுகு மிச்சம் இருந்திருக்கிறது. ஓரத்தில் நகம் அளவு பசை பெயர்ந்திருந்தது. மற்றபடி உள்ளே ஒவ்வொரு வளைவும் அப்படியே பதிந்திருந்தது. ஆக்‌ஷனை வைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

தேர்வன்று கிளப்பில், பக்கத்தில் படுத்திருந்தவர் மீன் வாடை வருகிறதே என்று இரண்டு முறை கேட்டார். அவள் சுட்டுக்கொண்டே இருந்தாள். நடுநடுவே தலையைத் தரையில் வைத்து மூச்சு வாங்கிவிட்டுச் சுட்டாள். முடிந்ததும் எழவில்லை. காகிதத்தைத் தொலைநோக்கியில் பார்க்கும்படி என்னிடம் சொன்னாள். ஓட்டைகள் நடுவட்டத்துக்குள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அவளை மாநிலப் போட்டிக்கு எடுத்துவிடுவார்கள் என்பது எனக்கே தெரிந்தது.

"எல்லாம் உள்ள இருக்கு. தேறிட்ட."

"அதைக் கொஞ்சம் சந்தோசமாத்தான் சொல்லுங்களேன்."

இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். ரயில்வே அறிவிப்பு மாதிரி வந்தது.

"விடுங்க" என்றாள். "எனக்கும் இன்னும் வரல. மாநிலப் போட்டி எந்த ஊர்லன்னு கேட்டுட்டு வாங்க. நான் இங்கனயே செத்த படுத்திருக்கேன்."

போய்க் கேட்டேன். திருச்சி என்றார்கள்.