கொம்பில்லாத ஆண் வண்டு

சாணி வண்டு என்றால் எனக்கு உயிர். பிழைப்பு சிவகாசியில் ஒரு அச்சகத்தில். அச்சாகி வரும் காலண்டர் தாளின் மேல் லென்ஸைக் கவிழ்த்து, நான்கு நிறமும் விலகாமல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே லென்ஸில் வண்டு பார்ப்பேன். வீட்டில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

போன ஐப்பசியில் வெம்பக்கோட்டைப் பக்கம் என் தாய்மாமாவின் கரிசல் புஞ்சையில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். ராத்திரி முழுக்க ஆடுகளை நிலத்திலேயே அடைத்துவைத்தால் புழுக்கை அத்தனையும் உரமாகும். அந்தப் புழுக்கைக்கு அடியில்தான் அது கிடந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. கறுப்புதான், ஆனால் வெயிலில் சாய்த்தால் செம்பு மினுங்கியது. முன்காலின் வெளி விளிம்பில் மண் தோண்டுவதற்கு நான்கு பல். மீசை நுனியில் மூன்று தகடுகள், விசிறி போல விரிந்து மடங்கின. முதுகில் குத்திக் குத்தி வைத்த குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒரு மயிர். அப்படி ஒரு முதுகை நான் பார்த்ததே இல்லை.

படமெடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு வண்டு ஆய்வாளருக்கு அனுப்பினேன். அந்த அம்மா உடனே கூப்பிட்டார்.

"நான் நினைக்கிறதுதான்னா இது ரொம்ப அபூர்வம். மலையடிவாரத்துல ரெண்டு மூணு இடத்துலதான் கிடைச்சிருக்கு. உங்க ஊர்ப் பக்கம் பார்த்ததா யாரும் எழுதல. ஆனா நீங்க அனுப்பினது பெண். ஆண் வேணும். ஆணோட உறுப்பைப் பார்த்தாத்தான் இனத்தை உறுதியாச் சொல்ல முடியும். ஆணுக்குத் தலையில கொம்பு இருக்கும், தேடிப் பாருங்க."

தேடுவதற்குள் மழை வந்துவிட்டது. கிடை வேறு புஞ்சைக்குப் போயிற்று. மாமா போன் செய்து, காலையில் உழப்போவதாகச் சொன்னார். உழுதால் புழுக்கை, வண்டு, வளை எல்லாம் மண்ணுக்குள் போய்விடும். காலண்டர் சீசனில் லீவு கேட்டதும் முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வெடித்தால் வெடிக்கட்டும் என்று பஸ் ஏறிவிட்டேன்.

நான் போய்ச் சேரும்போது மாமா டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, உழுதுறாதீக. எனக்கு ஒரு ஆண் வண்டு கிடைக்கணும்."

"ஆணு பொண்ணு பாக்க இதென்ன கன்னுக்குட்டியாத்தா?"

"வயித்தைப் பிளந்து, ஆண்குறி இருக்கானு பாக்கணும் மாமா."

மாமாவுக்குக் காது சிவந்துவிட்டது. "பொம்பளப் புள்ள பேசுற பேச்சா இது? மண்ணு இன்னைக்குத்தான் பதமா இருக்கு. வெயில் ஏறுனா இறுகிப் போகும். நான் கீழ்க்கோடியில இருந்து உழுதுக்கிட்டு வாரேன். இங்கன வந்து சேருறதுக்குள்ள தேடிக்கோ."

குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிளற ஆரம்பித்தேன். வண்டுக்குப் பஞ்சமில்லை, கொம்புக்குத்தான் பஞ்சம். டிராக்டர் ஒவ்வொரு உழவுச் சாலாக நெருங்கி வந்தது. மாமா மேல், மழை மேல், எதற்கென்றே தெரியாமல் அந்த ஆய்வாளர் மேல், எல்லார் மேலும் கோபம் வந்தது. பிடித்த வண்டுகளை மருந்துப் புட்டியில் போட்டுச் சாகவிட்டு, வீணான காலண்டர் தாள் ஒன்றின் வெள்ளைப் பக்கத்தில் வரிசையாக வைத்து லென்ஸைக் கவிழ்த்தேன்.

ஒன்று மட்டும் கண்ணை உறுத்தியது. மற்றவற்றைவிடச் சின்னது. தலை மொழுக்கென்று இருந்தது. ஆனால் முன்கால் மெலிந்து நீண்டு, நுனியில் உள்பக்கமாக வளைந்திருந்தது. சேலைப் பின்னைக் கழற்றி வயிற்றின் கடைசித் தகட்டை நெம்பினேன். பழுப்பாக, கெட்டியாக ஒரு குழல் வெளியே வந்தது. அதன் முனையில் இடுக்கி போல இரண்டு தகடுகள். பெண்ணிடம் இது இருக்க வழியே இல்லை.

"அடி ஆத்தீ!" என்று நான் போட்ட சத்தத்தில் மாமா டிராக்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"என்னத்தா, பாம்பா?"

"ஆம்பள, மாமா."

"எவன்லே அது?" என்று புஞ்சைக் கரையைச் சுற்றிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே தாளில் கிடந்த வண்டைக் காட்டினேன்.

லென்ஸ் மேல் போனை வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அதேதாங்க. அந்த இடுக்கி அப்படியே இருக்கு. ஆனா இந்த இனத்துல கொம்பில்லாத ஆண் உண்டுனு இன்னைக்குத்தான் தெரியுது. இதுவரைக்கும் பெரிய ஆண் மட்டும்தான் சிக்கியிருக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பில்லாத காலோடு ஈரக் கரிசலில் குதித்தேன்.

"ஆனா ஒண்ணு போதாது," என்றார் அவர். "எங்கேயிருந்தோ லாரியில வந்து விழுந்ததுனு சொல்லிருவாங்க. கொம்பு உள்ளதும் வேணும், இல்லாததும் வேணும். அங்கேயே பிறந்து வளருதுனு காட்டணும்."

மாமா போன் பக்கம் குனிந்தார். "ஏம்மா, இம்புட்டு நாளா எங்க ஊர்ல இது இல்லைன்னா எழுதி வச்சிருக்கீக?"

"இல்லைனு எழுதலைங்க. அங்க யாரும் வந்து தேடினதில்ல. தேடின இடத்துல மட்டும்தான் மேப்புல புள்ளி இருக்கும்."

"இங்கன வாரவுக எல்லாரும் பட்டாசு வாங்கத்தான வாராக," என்றார் மாமா.

உழாமல் மிச்சம் கிடந்தது கிடை போட்ட இடம் மட்டும்தான். மாமா ஒரு பிடி மண்ணை அள்ளி நசுக்கிப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. போய் டிராக்டரைக் கிளப்பினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன். அவர் கலப்பையை மேலே தூக்கி, வண்டியைத் திருப்பி, வேப்பமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மாமா, மண்ணு இறுகிப் போகுமே," என்றேன்.

"இறுகட்டும்."

எதற்கெடுத்தாலும் வாயாடுகிற எனக்கு அன்று அழுகைதான் வந்தது. மாமா அதைப் பார்க்காத மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு புழுக்கையை விரலால் புரட்டினார்.

"கொம்பு முன்னாடி இருக்குமா, பின்னாடி இருக்குமா?" என்று கேட்டார்.